பூஜ்யமாவது ஓடை

ஜூன் 4, திங்கள்

தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. இத்தனை நாள் டீ கிளாஸ் வைக்கத்தான் பயன்பட்டது. ஜனவரி முழுக்க வட்ட வட்டமாகக் கறை. இன்றுதான் எழுதத் தோன்றியது. வீட்டில் என் பேச்சைக் கேட்க மாரித்தாய் இருக்கிறாள், ஆனால் அவள் பதிலும் சொல்வாள். டைரி சொல்லாது.

என் பெயர் பால்வண்ணன். பத்தாம் வகுப்பு, அதிலும் ஆங்கிலத்தில் இரண்டாவது படையெடுப்பில் தேறியவன். கோவில்பட்டியில் கேபிள் டிவி நடத்துகிறேன். பெரிய சானல்களை டிஷ்ஷில் பிடித்து வயரில் வீடு வீடாக அனுப்புவது ஒரு வேலை. அதோடு சொந்தமாக ஒரு லோக்கல் சானல் உண்டு. மேலே பழைய படம் ஓடும், அடியில் எழுத்து ஓடும். படத்தை யாரும் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார்கள். எந்தத் தெருவுக்கு நாளை குடிநீர், யார் வீட்டில் காதுகுத்து, யார் காலமானார், யாருக்கு ரத்தம் தேவை. அந்த எழுத்தை அடிப்பவன் நான்.

அந்த எழுத்தால்தான் என் மகள் வல்லி என்னோடு பேசுவதில்லை.

தை மாதம் ஒரு நாள், ‘நமது நெட்வொர்க் உரிமையாளர் மகள் செல்வி செண்பகவல்லிக்கு நிச்சயதார்த்தம், அனைவரும் வருக’ என்று ஓடவிட்டேன். மாப்பிள்ளையிடம் கேட்டிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் கேட்டிருந்தேன். சமையல்காரரிடம்கூட ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டிருந்தேன். கேட்க விட்டுப்போனது ஒரே ஓர் ஆள். வல்லி அப்போது கடலை மிட்டாய்க் கடையில் நின்றிருக்கிறாள். கடைக்காரர் டிவியைப் பார்த்துவிட்டு, “நல்லா இரு தாயி” என்று கால் கிலோ சேர்த்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தாள், மிட்டாயை அம்மா கையில் கொடுத்தாள், துணியை எடுத்து வைத்தாள், சென்னை பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது ஒரு பெரிய டிவி நிறுவனத்தின் இணையதளத்தில் வேலை பார்க்கிறாள். அந்த டிவியை இந்த ஊருக்குக் கொண்டுவருவது என் வயர்தான். அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். நடுவில் ஒரு ‘நல்லா இருக்கியா’ போகவில்லை.

ஜூன் 6, புதன்

சாயங்காலம் வல்லி அம்மாவுக்குப் போன் செய்தாள். நான் அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு.

வல்லிக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்களாம். அந்தத் தளத்தில் எத்தனையோ பக்கம் இருக்கிறது: தமிழகம், உலகம், வானிலை, விளையாட்டு, சமையல், ஒவ்வொரு மாவட்டம். எல்லாப் பக்கத்திலும் ஆரஞ்சு நிறத்தில் சின்னப் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஓடை. ஆங்கிலத்தில் ஆர்.எஸ்.எஸ். என்பார்களாம், கட்சி விவகாரம் ஏதுமில்லை, மூன்றெழுத்து ஒத்துப்போய்விட்டது.

“அது என்ன செய்யுமாம்?” என்று மாரித்தாயிடம் கேட்டேன், சும்மா கேட்பதுபோல.

“நம்ம போயிப் போயிப் பாக்க வேண்டாமாம். புதுசா ஒண்ணு எழுதுனா அதுவா நம்மகிட்ட வந்துருமாம். பால்காரர் வாரதுமாதிரி.”

“பால்காரருக்கு மாசாமாசம் குடுக்கணுமே?”

“இது சும்மாவாம்.”

“சும்மாவா? அப்ப ஏதோ கோளாறு இருக்கு.”

“உங்க மக செய்யுத வேலைதான. நீங்களே கேளுங்களேன்” என்று போனை நீட்டினாள். இணைப்பு அறுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு செய்தியைப் பார்த்தேன். வாசிப்பவர் வாயை வாயை அசைத்தார்.

ஜூன் 9, சனி

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் ஓடை படிக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் போனிலேயே வழி சொன்னார். அது என்னிடம் இரண்டு கேள்வி கேட்டது. ஒன்று, யார் வந்து கேட்கிறார்கள் என்று அங்கே சொல்ல ஒரு பெயர். சுருக்கமாக எழுதினால் மரியாதையாக இருக்காது என்று ‘பால்வண்ணன் கேபிள் நெட்வொர்க், கோவில்பட்டி’ என ஆங்கிலத்தில் அடித்து, போன் நம்பரையும் சேர்த்தேன். இரண்டாவது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கட்டும்? ஒன்று என்று போட்டேன். கஞ்சத்தனம் எதற்கு.

பிறகு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் உலகம் வந்து உட்கார்ந்திருந்தது.

அசாமில் வெள்ளம். எங்கேயோ எரிமலை. வெங்காய விலை. நான் ஒன்றையும் தொடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு வரி பொத்தென்று விழுந்தது, பழைய வரிகளெல்லாம் மரியாதையாக ஒரு படி இறங்கி நின்றன. இத்தனை வருடம் நான் செய்கிற தொழில் என்ன? ஒருவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவன் வீட்டுக்குள் வயரை விட்டுத் தள்ளுவது. இது அப்படி இல்லை. அவர்கள் எழுதி ஓர் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். வேண்டியவன் போய்ப் புதுசு இருக்கா என்று கேட்கிறான். இருந்தால் கொடுக்கிறார்கள். இல்லையென்றால் அவன் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி வருகிறான். சென்னையில் ஒருத்தர் ஒரு வரி எழுதி விரலை எடுப்பதற்குள் இங்கே என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் அது நிற்கிறது.

இந்தப் பெட்டிகளையெல்லாம் வைப்பது நான் மூக்குச் சிந்திவிட்ட பிள்ளை. உடம்பு சிலிர்த்தது. ஃபேன் காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 10, ஞாயிறு

ஒவ்வோர் ஓடையின் முகவரிக் கடைசியிலும் ஓர் எண் இருக்கிறது. ஒன்று தமிழகம், இரண்டு இந்தியா, அப்படியே போகிறது. எங்கள் தொழிலில் பூஜ்யம் என்றால் சோதனைச் சானல். எந்தக் கேபிள்காரனும் ஒன்றைக் காலியாக வைத்திருப்பான். படம் தெளிவாக வருகிறதா என்று அதில் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு விடுவான். இவர்களும் வைத்திருப்பார்களோ என்று கடைசி எண்ணை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

திறந்தது. உள்ளே ஒரே ஒரு வரி.

‘சோதனை. கொம்பு, கொக்கி, கால் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறதா? செ.வ.’

செ.வ. என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸ் மூடியில் ஆணியால் அந்த இரண்டெழுத்தைக் கீறிக் கொடுத்தவனே நான்.

தெரிகிறது என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். கன்ட்ரோல் ரூமில் வேறு யாரும் இல்லை.

ஜூன் 12, செவ்வாய்

பூஜ்யத்தில் இன்று:

‘சோதனை. நீளமான தலைப்பு வந்தால் பாதியில் வெட்டுகிறதா என்று பார்ப்பதற்காக இந்த நீளமான தலைப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன், மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை.’

‘சோதனை. கோவில்பட்டியில் இன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாளா?’

பாவம், பிள்ளைக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் மனதில் தோன்றியதை எழுதுகிறாள். ஒளிந்து நின்று கேட்பதுபோல் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

சாயங்காலம் மாரித்தாயிடம், “பேசும்போது இன்னைக்குத் தண்ணி வந்துச்சுன்னு சொல்லு. வேளைக்குச் சாப்பிடவும் சொல்லு” என்றேன்.

“அவ சாப்பிடலன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“பொதுவாச் சொன்னேன்.”

மாரித்தாய் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குக்கர் விசில் அடித்திருக்கும்.

ஜூன் 15, வெள்ளி

சங்கடம்.

வல்லியின் ஆபீஸில் ஒரு பிரச்சினையாம். மாரித்தாய் போனை வைத்துவிட்டு அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “யாரோ ஒருத்தன் நிமிசத்துக்கு ஒருக்கா வந்து கதவத் தட்டுதானாம். புதுசு இருக்கா, புதுசு இருக்கான்னு. மத்தவுகள்லாம் அரை மணிக்கு ஒருக்காத்தான் கேப்பாகளாம். அவனை அடைச்சுப் போடுன்னு மேலதிகாரி சொல்லிட்டாராம்.”

“யாருன்னு தெரியுமாமா?”

“தெரியும்னுதான் சொன்னா.”

“பேரு சொன்னாளா?”

“கேட்டேன். சிரிச்சா.”

சிரித்தாளா. எத்தனையோ பேர் தட்டுகிற கதவு, அதில் என்னைப்போல் அறிவுகெட்டவன் இன்னொருவனும் இருப்பான் போலிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஓடிப்போய் முப்பது நிமிடம் என்று மாற்றிவிட்டேன்.

ஜூன் 16, சனி

பூஜ்யத்தில்: ‘சோதனை. தட்டிக்கொண்டிருந்தவர் தூங்கிவிட்டாரா?’

மறுபடியும் ஒன்று என்று போட்டேன். ஏன் என்று என்னைக் கேட்கக் கூடாது.

ஜூன் 20, புதன்

பெரிய கூட்டம் நடந்ததாம். தலைப்பையெல்லாம் வெளியே சும்மா கொடுத்துவிட்டால் நம் தளத்துக்கு எவன் வருவான் என்று மேலிடத்தில் ஒருவர் மேசையைத் தட்டியிருக்கிறார். எல்லாப் பக்கத்துக்கும் வேண்டாம், ஒன்றிரண்டு போதும் என்றிருக்கிறார்கள்.

வல்லி எழுந்து, “சார், வாசல்ல நின்னு கூவுனா கேக்குறவங்களுக்குத்தான் கேக்கும். தேடி வர்றவங்களுக்கு வழி விடணும். ஒருத்தருக்கு உலகச் செய்தி வேண்டாம், அவங்க ஊர் மழை மட்டும் போதும். அவங்களுக்குன்னு ஒரு கதவு இருக்கட்டும்” என்றாளாம். கோட்டுப் போட்டவர்கள் நடுவில். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பெயர் சொல்லவே கதவுக்குப் பின்னால் போய் நின்ற பிள்ளை.

முடிவு இன்னும் சொல்லவில்லையாம். ஓடை எல்லாப் பக்கத்துக்கும் வராவிட்டால் வல்லிக்கு இந்த வேலை நிலைக்குமா என்பதும் சந்தேகமாம். நிலைக்காவிட்டால் வீட்டுக்கு வருவாளா என்று ஒரு நினைப்பு ஓடியது. உடனே அந்த நினைப்பை ஓங்கி ஓர் அறை விட்டேன். வந்தாலும், தோற்று வரக் கூடாது.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். லோக்கல் சானலில் தலைப்புகளை ஓடவிட்டு, ‘முழுச் செய்திக்கு’ என்று அந்தத் தளத்தின் பெயரையும் அடித்தேன். சலூன்காரர் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எரிமலை படம் போட்டிருக்கிறார்களாம், அருமையாம்.

ஜூன் 24, ஞாயிறு

பூஜ்யத்தில்: ‘சோதனை. கடலை மிட்டாய் சென்னையிலும் கிடைக்கிறது. அது கடலை மிட்டாய் இல்லை.’

ஒரு டப்பா வாங்கி, பாக்கியம் டிராவல்ஸ் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். அனுப்புநர் என்ற இடத்தில் மாரித்தாய் பெயர்.

ஜூலை 1, ஞாயிறு

லாசர் என்னிடம் லைன்மேன். மின்கம்பத்தில் ஏறினால் இறங்க மனம் வராத ஆள். மேலேயிருந்துதான் யோசனை சொல்வார். இன்று கீழே இருந்தபடியே சொன்னார்.

“அண்ணாச்சி, தலைப்பை நீங்க ஏன் உக்காந்து அடிக்கீக? கம்ப்யூட்டர்ல வாரதை அப்படியே எழுத்து ஓடுத மிசின்ல கோத்துவிட்டா, அதுபாட்டுக்கு ஓடுமே.”

கோத்துவிட்டார். நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். டெல்லியில் நடந்தது, சென்னையில் எழுதியது, எவன் கையும் படாமல் எங்கள் ஊர் டிவிகளின் அடியில் நகர்ந்து போனது. லாசர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலுக்குள் நிற்பதுபோல் நின்றோம். டீக்கடையில் ஓடுகிறது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடுகிறது, பேருந்து நிலையத்தில் ஓடுகிறது. ஓடைக்கு அந்தப் பெயர் வைத்தவன் இதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

பிறகு போன் வந்தது. சலூன்காரர்.

“ஏய்யா, யாரு வீட்டுத் தயிர் சாதத்துல உப்பு இல்ல?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். காதுகுத்துக்கும் குடிநீருக்கும் நடுவில் அழகாகப் போய்க்கொண்டிருந்தது: ‘சோதனை. விடுதித் தயிர் சாதத்தில் உப்பு இல்லை.’ எல்லா ஓடையையும் மொத்தமாகக் கோத்ததில் பூஜ்யமும் சேர்ந்து போயிருக்கிறது.

வீட்டுக்குப் போனபோது மாரித்தாய் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை.

“இது விடுதிச் சாப்பாட்டப் பத்தி அவ எங்கிட்ட புலம்புனதுல்ல. அவளைக் கேக்காம இன்னொருக்கா ஓடவிட்டீகளா?”

“இது கை தவறி…”

“அதுவும் கை தவறித்தான். உங்க கை நல்லாத்தான் இருக்கு, காதுதான் இல்ல.”

சாப்பிட்டபடியே பூஜ்யத்தின் கதையை அவளிடம் சொன்னேன். பூஜ்யத்தை மட்டும் தனியாகப் பிரிக்க லாசருக்குத் தெரியவில்லை. நாளை கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டி வருகிறேன் என்று கம்பத்துக்குப் போய்விட்டார்.

ஜூலை 2, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

பகல் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். பெண்கள் சீரியல் பார்க்கிற வேளை. நான் கன்ட்ரோல் ரூமில் தனியாக இருந்தேன். லாசரும் கம்ப்யூட்டர் கடைக்காரரும் இன்னும் வந்து சேரவில்லை. பூஜ்யத்தில் ஒரு வரி விழுந்தது. வழக்கத்தைவிட நீளம்.

‘சோதனை. இது ஒருவருக்கு மட்டும். அப்பா, என்னோடு வேலை பார்க்கிற எழிலன் என்பவரைப் பிடித்திருக்கிறது. அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம் கேட்கிறேன்.’

முதலில் எனக்குப் புரிந்தது ‘அப்பா’ என்ற சொல் மட்டும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கொம்பு, கொக்கி, கால் எதுவும் உடையவில்லை. அந்தச் சொல்லில் அதெல்லாம் இல்லை என்பதும் பிறகுதான் உறைத்தது. ஒரே ஒரு கால், அதுவும் கடைசியில்.

அப்புறம்தான் பக்கத்து மிசினைப் பார்த்தேன். வரிசையில் ஏறிவிட்டது. ஓடிக்கொண்டிருந்தது மந்தித்தோப்பு ரோட்டுக் குடிநீர். அதற்குப் பின்னால் ஒரு பூப்புனித நீராட்டு விழா. அதற்குப் பின்னால் என் மகள்.

எந்தப் பொத்தானை அழுத்தினால் எழுத்து மட்டும் நிற்கும் என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியும். அந்த நேரம் தெரியவில்லை. விழாவுக்கு ‘அனைவரும் வருக’ போய்க்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து, கைக்கு அகப்பட்ட மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தேன்.

ஃபேன் நின்றது. எல்லாச் சின்னத் திரைகளும் கண்ணை மூடின. எழுத்து மட்டுமல்ல, எல்லாச் சானலும் போய்விட்டது. ஊர் முழுக்க, சீரியலில் மருமகள் கதவைத் திறக்கப் போன இடத்தில்.

மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது. லேண்ட்லைன் அடித்தது. செல் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே மாடியிலிருந்து ஓர் அம்மா, “அண்ணே, கதவத் தெறந்தாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க” என்றார். நான் எல்லா அழைப்பையும் வெட்டி வெட்டி, நடுவில் கிடைத்த இடைவெளியில் வல்லியின் எண்ணைப் போட்டேன். தை மாதத்திலிருந்து மனதுக்குள் எத்தனையோ முறை போட்டுப் பார்த்த எண்.

ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

“அப்பா.”

“ம்.”

“ஓடிருச்சாப்பா? அம்மா இப்பத்தான் சொன்னா, பூஜ்யமும் சேந்து டிவில வருதுன்னு. எனக்குத் தெரியாது. நான் எழுதிட்டேன். ஓடிருச்சா?”

“இல்லம்மா. நிறுத்திட்டேன்.”

“நெசமா?”

“ஊரையே நிறுத்திட்டேன்.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. கேபிள்காரனுக்குச் சிக்னல் இல்லாத நேரம் என்றால் தெரியும். லைன் அறுந்துவிட்டதா, வெறும் அமைதியா என்று காது கண்டுபிடித்துவிடும். இது அறுந்தது இல்லை.

“நான் அங்கன வந்து படிக்கிறது உனக்கு எப்பத் தெரியும்?” என்றேன்.

“மொத நாளே.”

“எப்படிம்மா?”

“நிமிசத்துக்கு ஒருக்கா, பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் சொல்லிட்டுல்லப்பா தட்டுனீக.”

டைரியில் மறைத்து எழுத என்ன இருக்கிறது. ஒளிந்து நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதமாக விசிட்டிங் கார்டை நீட்டியிருக்கிறேன்.

“அந்த மேலதிகாரி அடைக்கச் சொன்னாராமே?”

“சொன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“அடைக்க முடியாது சார், அது எங்கப்பான்னு சொன்னேன்.”

ஃபேன் நின்றதால் வியர்த்துக்கொண்டே இருந்தது. முகத்தைத் துடைத்தேன். முழுவதும் வியர்வைதான்.

கடைசியில் அவளே கேட்டாள்: “அப்பா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே.”

“அந்தத் தம்பிக்கு எந்த ஊரு?”

“திருவையாறு.”

“அங்க கேபிள் யாரு?”

வல்லி சிரித்தாள். தை மாதத்திலிருந்து நான் கேட்காத சிரிப்பு. எங்கேயோ ஒரு கம்பத்தில், வயரில், காற்றில் ஏறி இறங்கி அப்படியே முழுசாக வந்து சேர்ந்தது. ஓடையைப் பார்த்து நான் பட்ட ஆச்சரியமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

“வரச் சொல்லும்மா. பாக்கணும். முதல்ல அம்மாகிட்ட நீயே சொல்லு. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு வச்சுக்கிடுவோம், இல்லன்னா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா.”

பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். மருமகள் கதவைத் திறந்து முடித்திருந்தாள். யார் வந்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாளைக்குள் என்னைக் கட்டி வைத்து அடிப்பார்கள்.

ஜூலை 3, செவ்வாய்

அடிக்கவில்லை. திட்டினார்கள். காது இனித்தது.

ஜூலை 16, திங்கள்

எல்லாப் பக்கத்துக்கும் ஓடை உண்டு என்று அனுமதி கிடைத்து, இன்று காலை திறந்துவிட்டார்கள். மாரித்தாயைக் கன்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். பக்கம் பக்கமாகத் திருப்பினேன். வானிலைப் பக்கத்தில் ஆரஞ்சுப் பெட்டி. சமையலில் ஆரஞ்சுப் பெட்டி. நான் பார்த்தே இராத ஏதேதோ மாவட்டத்துப் பக்கங்களில், ஒவ்வொன்றிலும், மூலையில், அடக்கமாக. முகம் தெரியாத எத்தனை பேர் எந்தெந்த ஊரில் உட்கார்ந்து இனிமேல் இந்தக் கதவுகளைத் தட்டுவார்கள்.

“இம்புட்டையுமா அவ வச்சா?” என்றாள் மாரித்தாய். பிறகு சேலைத் தலைப்பால் திரையில் இருந்த தூசியைத் துடைத்தாள்.

சோதனை ஓடை இன்றோடு மூடுகிறது. அதில் கடைசி வரி விழுந்திருந்தது. இப்போது பூஜ்யம் தனியாகப் பிரிந்துவிட்டது; என் திரைக்கு மட்டும் வரும். வல்லிக்குப் போன் செய்தேன்.

“இந்த ஒரு வரியை மட்டும் ஊருக்கு ஓடவிடட்டுமா?”

“சரிப்பா. பேரு போடாதீக.”

பெயர் போடவில்லை. சாயங்காலம், பாரதி நகர் குடிநீருக்கு அடுத்து, ஊர் முழுக்க ஒரு முறை ஓடியது:

‘சோதனை முடிந்தது. எல்லாம் வேலை செய்கிறது.’

சலூன்காரர் போன் செய்தார். “ஏய்யா, இது எந்தக் கம்பெனி விளம்பரம்?”

“நம்ம கம்பெனிதான்” என்றேன்.